கொன்றவன் கதை வந்துவிட்டது, செத்தவர் கதை எங்கே?

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரைக்குமான கடற்கரை இன்றைக்கு ஈசிஆர் என்ற மூன்றெழுத்துக்குள் அடங்கிவிட்டது. ரிசார்ட், பண்ணை வீடு, கேளிக்கைப் பூங்கா, டோல்கேட், சனி ஞாயிறு நெரிசல். பேய்ப்படம் எடுப்பவர்களுக்கும் இந்தச் சாலை வசதிதான்: கடலைப் பார்த்த ஒரு பங்களா, காற்றில் அடித்துக்கொள்ளும் சன்னல், ஒரு வெள்ளைச் சேலை. ஆனால் இந்தக் கரையில் பங்களா கட்டிப் பேயைக் குடிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. 1970களின் கடைசியில் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து கள்ளச்சாராயம் நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரர்களில் ஒருவன் கௌரி சங்கர். ஊரறிந்த பெயர் ஆட்டோ சங்கர். சாராயம், விபச்சாரத் தொழில், போலீஸ் சிநேகம் என்று திருவான்மியூரில் அவன் வளர்ந்தான். 1980களின் கடைசியில் நடந்த ஆறு கொலைகளுக்காக அவனும் கூட்டாளிகளும் பிடிபட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் சிலர் எரிக்கப்பட்டுச் சாம்பல் கடலுக்குப் போனது; சிலர் வீட்டுக்குள்ளேயே புதைக்கப்பட்டார்கள். வழக்கு செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. 1991 மே 31 அன்று தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1992 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் யார்? அவனேதான். சிறையில் இருந்தபடி சுமார் 300 பக்கத்தில் தன் வரலாற்றை எழுதினான். அது மனைவி கைக்கு வந்து, வழக்கறிஞர் வழியாக நக்கீரன் இதழுக்குப் போனது. தொடராக வெளிவரப் போகிறது என்று தெரிந்ததும், 1994 ஜூன் 15 அன்று சிறைத்துறை ஐ.ஜி. அதை வெளியிடக் கூடாது என்று கடிதம் அனுப்பினார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த தொடர்பை அதில் அவன் எழுதியிருக்கிறான் என்பது பத்திரிகைத் தரப்பின் வாதம். அரசு ஏன் பதறியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிப் பாடம். அச்சேறும் முன்பே ஒன்றைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுத யாருடைய சம்மதமும் தேவையில்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அது பெரிய வெற்றி. அந்தத் தொடர் வந்திருக்கவே கூடாது என்பது என் கட்சி இல்லை. 2019-இல் ஜீ5 தளத்தில் ‘ஆட்டோ சங்கர்’ என்றே வலைத்தொடரும் வந்தது. ஆக, கொன்றவனுக்குத் தன்வரலாறு உண்டு, வழக்குச் சட்டத்தில் இடம் உண்டு, திரையில் ஒரு முகமும் உண்டு.

அதே தீர்ப்பில், பலரும் மேலோட்டமாகத் தாண்டிப் போகும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ அதுபோன்ற குற்றத்துக்கோ ஆளான பெண்ணின் பெயரையும் அவளுக்கு நடந்ததையும் ஊடகத்தில் பரப்பி அவளை மறுபடி இழிவுபடுத்தக் கூடாது என்கிறது நீதிமன்றம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது 1983-லிருந்தே இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவில் குற்றம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. இந்தப் பாதுகாப்பு நியாயமானது, விட்டுக்கொடுக்கக் கூடாதது. ஆனால் விளைவைப் பாருங்கள். கொன்றவன் முழுப் பெயரோடு 300 பக்கம் பேசலாம்; செத்தவர் பக்கத்தில் சட்டம் தரும் மரியாதை மௌனம்தான். நீதிமன்ற ஆவணமும் அவர்களைப் பிரேதப் பரிசோதனை அறிக்கையாக, அரசுத் தரப்புச் சான்றாவணமாக, அடையாளம் காட்டிய உறவினரின் ஒரு வரிச் சாட்சியமாகத்தான் வைத்திருக்கும். இந்த மௌனத்துக்குள் பெயரை மாற்றிக்கொண்டு, யாரையும் காட்டிக்கொடுக்காமல் நுழையக்கூடிய வடிவம் ஒன்று உண்டு. அது நாவல். இந்தக் கரையின் குற்றத்தைப் பொறுத்தவரை யதார்த்த நாவலைவிடப் பேய் நாவலே அதற்குத் தோதானது என்பதே இங்கு என் வாதம். செத்தவர் பேசுவது தமிழில் புதிய உத்தி இல்லை. நாம் பழகி, கைவிட்டுவிட்ட வழக்கம்.

பழகியது என்று சொல்வதற்குச் சான்று இந்த வட்டாரத்து வீடுகளிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பூவாடைக்காரி என்று ஒரு வீட்டுத் தெய்வம் உண்டு. பூவோடும் பொட்டோடும் போன சுமங்கலியோ கன்னியாகவே செத்த பெண்ணோ அந்த வீட்டின் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் கூடிவந்தால் முதலில் அவளை அழைக்க வேண்டும். பம்பையும் உடுக்கையும் சிலம்புமாகப் பம்பைக்காரர்கள் வருவார்கள். கிணற்றடிக்கோ குளக்கரைக்கோ போய்ச் சொம்பில் நீர் எடுத்து, அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு, பூச்சரம் சுற்றி, புடவை சாத்தி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பம்பைக்காரர் பாடப்பாட, வீட்டார் ஒருவர்மேல் அவள் இறங்குவாள். யார் நீ, ஏன் இத்தனை நாள் வரவில்லை, என்ன குறை என்று கேள்வி கேட்பார்கள். அவள் சொல்வாள். வீடே அழும். பிறகு கல்யாண வேலை தொடங்கும். செஞ்சி வட்டாரத்தில் தங்கி இந்தச் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபக்கோவ் 2000-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அலைக்கழிக்கும் பேய் வேறு, அழைத்து வந்து வீட்டில் அமர்த்தும் செத்தவர் வேறு என்ற பாகுபாட்டை இந்த மக்கள் எவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறார்கள் என்பது அவர் எழுத்தில் தெரியும்.

இந்தச் சடங்கைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒரு விசாரணையின் அமைப்பு அதற்குள் இருப்பது புரியும். கேள்வி உண்டு, வாக்குமூலம் உண்டு, கேட்டு நிற்கும் சபை உண்டு. செங்கல்பட்டு நீதிமன்றம் கேட்பது யார் கொன்றான் என்பதை. பம்பைக்காரர் கேட்பது செத்தவளுக்கு என்ன குறை என்பதை. முன்னதற்குப் பதில் கிடைத்ததும் கோப்பு மூடப்படும். பின்னதற்கு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாகப் பதில் வேண்டும். அதோடு, செத்தவளை நீர்நிலையிலிருந்து அழைத்து வருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிணமே கிடைக்காமல் சாம்பல் கடலுக்குப் போன ஒருவருக்குப் பால் தெளிப்பது எங்கே, கருமாதி செய்வது எந்த நாளில்? செத்த தேதியே தெரியாத வீட்டில் திதி ஏது? யதார்த்த நாவல் இந்த வீட்டாரின் வெறுமையை வர்ணிக்கும்; நன்றாகவே வர்ணிக்கலாம். ஆனால் இந்த மக்கள் கையில் அந்த வெறுமையோடு பேசும் ஒரு முறை ஏற்கனவே இருக்கும்போது, அதை ‘மூடநம்பிக்கை’ என்ற பத்தியில் போட்டுவிட்டு நடுநிலையாக வர்ணிப்பது அவர்கள் துக்கத்தைப் பாதி மட்டும் எழுதுவதாகும்.

அதே ஆய்வாளர் பின்னர் இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற பெயரில் 2005-இல் ஒப்பாரி பற்றி எழுதிய நூலில் இன்னொரு விஷயம் கிடைக்கிறது. எழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் பெண்கள், தாங்கள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை, தங்களுக்காகவே அழுகிறோம் என்று அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சாவில் பாடும் தங்கை தன் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கொடுமையைப் பாடுவாள், பட்ட கடனைப் பாடுவாள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. துக்கத்தை மையமாக வைக்கும் குற்ற நாவலுக்கு இதைவிடச் சரியான வழிகாட்டல் கிடைக்காது. செத்தவரைத் தியாகியாக்கிக் கண்ணீர் வரவழைப்பது மலிவு. செத்தவரை முன்னிட்டு உயிரோடு இருப்பவரின் கணக்குகள் எல்லாம் வெளியே வரும்படி எழுதுவதுதான் கடினம்.

இனி, இந்த மரபின் தலைமகளிடம் வர வேண்டும். தொண்டை மண்டலத்துப் பழையனூர் நீலியின் கதையில் துர்மரணமும் துக்கமும் பேயும் ஒன்றாகத்தான் பின்னிக் கிடக்கின்றன. இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணைக் கட்டி அழைத்துவரும் கணவன் அவளைத் திருவாலங்காட்டுக் காட்டில் கொன்றுபோடுகிறான். அவள் பேயாகிறாள், அவன் மறுபிறவியில் வணிகனாகிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னிலையில் நின்று, இவன் என் கணவன், என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அழுகிறாள். அவன் அலறுகிறான்: இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள். சபை அவள் கண்ணீரை நம்புகிறது. உனக்கு ஒன்று ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, அவன் காப்பாக வைத்திருந்த கத்தியையும் வாங்கி வைத்துவிட்டு அவளோடு ஓர் அறையில் விடுகிறது. விடிந்ததும் அவன் பிணம். எழுபது பேரும் வாக்குத் தவறாமல் தீப்பாய்கிறார்கள். ஞானசம்பந்தரின் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு என்றால் கதை ஏழாம் நூற்றாண்டிலேயே பழசு. அந்தத் திருவாலங்காட்டில்தான் காரைக்காலம்மையார் பேயுரு வேண்டிப் பெற்றுச் சுடுகாட்டைப் பாடினார் என்கிறது சைவ மரபு. தமிழின் மூத்த பெண்கவிகளில் ஒருவர் தன்னைப் பேய் என்றே அழைத்துக்கொண்டவர். நம் இலக்கிய வரலாற்றில் பேய்க்கு இருக்கும் இடம் அப்படி.

இங்கே என் வாதத்துக்கே எதிரான சான்று ஒன்று தலைநீட்டுகிறது, மறைக்கக் கூடாது. நீலி கதையை ஊர் எப்படி நினைவில் வைத்தது? எழுபது பேரின் வாய்மையைக் கொண்டாடியது. தீப்பாய்ந்தவர்களுக்கு மண்டபமும் சிலையும். முதலில் கொல்லப்பட்டவள் யார் என்பது கதையின் முன்குறிப்பாகச் சுருங்கிப்போனது. அவள் அழுத அழுகையோ பொய் அழுகைக்குப் பெயராகி, நீலிக் கண்ணீர் என்று இன்றைக்கும் மேடைப் பேச்சில் அடிபடுகிறது. கொலைச்சிந்தும் இதற்கு விலக்கில்லை. நடந்த கொலையைப் பாட்டாகக் கட்டி, சில பக்கக் குட்டிப் புத்தகமாக மலிவு விலைக்கு அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற மரபு அது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ இந்தக் குஜிலிப் பதிப்புகளின் உலகத்தை நமக்கு மீட்டுத் தந்தது. அந்தப் பாட்டில் தாய் புலம்புவாள், பிள்ளை கதறும், கேட்பவர் கண் கலங்கிக் காசும் கொடுப்பார். முடிவில் பெண் படி தாண்டினால் இதுதான் கதி என்று நீதி வந்துவிடும். 1952 ஆகஸ்ட் கடைசியில் ரயில் பெட்டி ஒன்றில் தலையில்லாத உடலாக மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்ட ஆளவந்தார் வழக்கையும் எழுபது ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது, உடல் யாருடையது என்பதை மருத்துவர்கள் நிரூபித்த விதம், அவருடைய பெண் சகவாசம் எல்லாம் நமக்குத் தெரியும். வீடு திரும்பாத கணவரைத் தேடி அலைந்த மனைவிக்கு அந்தக் கதையில் ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். ஆகவே பழைய மரபு இருந்தது என்பதாலேயே அது நியாயமாக இருந்தது என்றாகாது. செத்தவரைப் பேசவைக்கும் கருவி நம்மிடம் இருந்தது. அதை இயக்கியவர்கள் பெரும்பாலும் சபையின் பக்கம் நின்றார்கள்.

நவீன உரைநடை இந்தக் கருவியை ஏறக்குறைய கீழே வைத்துவிட்டது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-இல் வந்தது. பயத்தைச் சந்தேகத்தோடு கலந்து எழுதியதில் இன்றும் அதற்கு இணை குறைவு. ஆனால் அங்கே பேய்க்குத் துக்கம் இல்லை. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயா விஞ்ஞானமா என்ற கேள்வியைக் கணேஷிடமும் வசந்திடமும் கொடுத்து வாசகரைக் கட்டிப்போட்டது. அதுவும் துப்பறியும் மூளையின் கதை. பி.டி. சாமியிலிருந்து ராஜேஷ்குமார், இந்திரா சௌந்தர்ராஜன் வரை மாத நாவல் உலகம் பேயையும் கொலையையும் கோடிக்கணக்கான பக்கங்களில் ஓட்டியிருக்கிறது. அதை இளக்காரம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறையை வாசிக்கப் பழக்கியது அந்தத் தாள்கள்தான். ஆனாலும் பேருந்து இறங்குவதற்குள் முடிய வேண்டிய கதையில் எழவு வீட்டுக்குப் பதினாறு நாள் கொடுக்க முடியாது.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கடல் தாண்டிப் பார்க்கலாம், அதிக தூரம்கூட இல்லை. 2022-இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணதிலகவின் ‘மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்’ 1980களின் முடிவில் கொழும்பில் நடக்கிறது. போர்ப் புகைப்படக்காரன் ஒருவன் செத்துப்போய், மறுமை அலுவலகம் ஒன்றின் வரிசையில் கண்விழிக்கிறான். தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கே தெரியாது. கண்டுபிடிக்க ஏழு இரவு அவகாசம். கதைக்குப் பின்னால் நிஜம் இருக்கிறது. பத்திரிகையாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சா 1990 பிப்ரவரி 18 இரவு வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். உடல் மொரட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியது. நாவலில் செத்தவர்களுக்கு உதவும் அலுவலராக வரும் மருத்துவர் ராணி ஸ்ரீதரனுக்குப் பின்னால் நிற்பவர் ‘முறிந்த பனை’ எழுதியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம; 1989 செப்டம்பர் 21 யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர். தகனம் செய்யப்படாத பிணங்களும் ஆணைக்குழு அறிக்கைகளும் நிறைந்த ஒரு தேசத்தில், நடந்ததைச் சொல்ல ஆள் மிச்சமில்லை என்ற நிலையில், செத்தவனே கதைசொல்லி ஆவது விளையாட்டு இல்லை. வேறு வழியே இல்லை.

டி சொய்சாவின் தாய் மனோராணி சரவணமுத்து தமிழர், மருத்துவர். மகன் உடலை அடையாளம் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. தெற்கில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கூடி அமைத்த அன்னையர் முன்னணிக்குத் தலைமை ஏற்றார். யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தாய்மார் 1984-லேயே அப்படி ஓர் அமைப்பைக் கண்டிருந்தார்கள். 1992-இல் தெற்கின் தாய்மார், பெரும்பாலும் சிங்களப் பெண்கள், கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, தலைவிரித்து, ஆட்சியாளரைச் சபித்தார்கள். ஆட்கொணர்வு மனு தோற்ற இடத்தில் சாபம் மனுவானது. இதைப் படிக்கும்போது பழையனூர்ச் சபை முன்னால் நின்றவள் ஞாபகத்துக்கு வராமல் போக மாட்டாள். துக்கம் தனியாக இருந்தால் அழுகை, குற்றம் தனியாக இருந்தால் வழக்கு. இரண்டும் சேரும்போது மனிதர்கள் தாமாகவே மறுஉலகத்தின் மொழிக்குப் போகிறார்கள் என்பதற்கு அந்தக் கோயில் வாசல் சான்று. எழுத்தாளர் இட்டுக்கட்ட வேண்டியது எதுவுமில்லை.

எதிர்வாதங்களில் முதலாவது பகுத்தறிவுப் பக்கத்திலிருந்து வரும், வரவும் வேண்டும். பேய் நம்பிக்கை இந்த மண்ணில் வெறும் கதையாக நிற்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் செத்தார்கள். அவர்களில் பலரைப் பேய் பிடித்தவர்கள் என்று நம்பித்தான் அங்கே விட்டுவைத்திருந்தார்கள். வேப்பிலை அடியும் பிரம்படியும் வாங்கியவர்களில் பெண்களே அதிகம். பேயை மரியாதையோடு எழுதினால் இதற்கெல்லாம் துணைபோவதாகாதா? ஆகும், எழுத்தாளர் பேய் பிடித்தவளைப் பார்த்துப் பயந்தால். செத்தவள் சொல்வதைக் கேட்க உட்கார்ந்தால் ஆகாது. இந்த வித்தியாசத்தை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு சமணர் கண்டுகொண்டார். நீலகேசியில் வருபவள் அதே பழையனூர் நீலி. முனிவரைப் பயமுறுத்தப் போனவள், அவரிடம் அறம் கேட்டு, பிறகு ஊர் ஊராகப் போய்ப் புத்தரோடும் வேதவாதியோடும் தர்க்கம் செய்கிறாள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றின் தலைவி வாதத்தில் வல்ல ஒரு பேய். பகுத்தறிவுக்கும் பேய்க்கும் பகை என்ற முடிவு தமிழ் இலக்கியத்தில் பிற்காலத்து வரவு.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. உயிரோடு இருக்கும் குடும்பங்களின் ரணத்தை எடுத்து, அதில் பயத்தையும் தடவி விற்பது அறமா? வலைத்தொடர்மேல் வைக்கும் குற்றச்சாட்டு நாவலுக்கும் பொருந்தாதா? நிச்சயம் பொருந்தும்; உண்மைச் சம்பவம் என்று அட்டையில் போட்டால் இன்னும் பொருந்தும். இங்கே டோனி மாரிசன் செய்ததைப் பார்க்க வேண்டும். 1856-இல் சின்சினாட்டியில், தப்பி வந்த அடிமைப் பெண் மார்கரெட் கார்னர், பிடிபடும் தறுவாயில், அடிமைத்தனத்துக்குத் திரும்பக் கூடாது என்று தன் மகளைக் கொன்றார். அந்தச் செய்தியிலிருந்து பிறந்ததுதான் 1987-இல் வந்த ‘பிலவ்ட்’. வரலாற்றுக் கார்னர் தன்னைக் கட்டுப்படுத்துவார் என்று சொல்லி மாரிசன் அவரை விட்டுவிட்டு, பெயரையும் மாற்றி, கொலையுண்ட குழந்தையை வளர்ந்த பெண்ணாக வீட்டு வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்தார். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காளைத் தெருக்கூத்திலும் பாட்டிலும் கேட்டவர்களுக்கு அந்தத் தாய் அந்நியமில்லை. பேய் அங்கே செய்யும் காரியம் விசித்திரமானது: நாவலை உண்மைச் சம்பவம் என்ற உரிமைகோரலிலிருந்து விடுவிக்கிறது. பேய் வந்த பிறகு எந்த வாசகரும் இது அந்த வீட்டில் அப்படியே நடந்தது என்று எண்ண மாட்டார். ஆவணப் பாணியில் எடுக்கும் தொடருக்கு இந்தக் காப்பு கிடையாது. அது நிஜ முகத்தின் அருகில் நடிகர் முகத்தை ஒட்டி, இதுதான் நடந்தது என்கிறது. கற்பனை வெளிப்படையாகக் கற்பனை என்று சொல்லிக்கொள்ளும்போதுதான் நிஜ மனிதருக்கு ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது.

வாசகருக்கு வேண்டியது கொலைகாரனின் மனசுதான், அழுகிறவர் கதையை யார் படிப்பார்கள் என்பார்கள் பதிப்பாளர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 1959-இல் கான்சாஸ் மாநிலத்தில் கொல்லப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய 1966-ஆம் ஆண்டு நூல் இந்த வகை எழுத்துக்கே தாய்வீடு. அதைப் படித்தவர்களிடம் கேட்டால் செத்த நால்வரைவிடக் கொன்ற இருவரில் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். ஈர்ப்பு பழசு. முருகன் விண்ணில் நின்று அசுரரோடு பொருத தலம் என்று கொண்டாடப்படும் திருப்போரூரில், சஷ்டியன்று கூடும் கூட்டத்தின் கண்ணும் தலை மாற்றி மாற்றி வரும் சூரன்மேல்தானே. ஆனாலும் அந்தக் கணக்கு முழுக்க ஒரு பக்கம் இல்லை. ஏழு நிலவுகளும் ‘பிலவ்ட்’டும் பாடநூல் கட்டாயத்தால் மட்டும் விற்ற நூல்களா? செத்தவருக்கு என்ன குறை என்ற கேள்விக்கும் மர்மத்தின் இழுவிசை உண்டு. யார் கொன்றான் என்பதைவிட அது நீண்ட மர்மம், ஏனென்றால் விடை தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தும் சொல்வதில்லை.

அப்படியொரு நாவலுக்கு இந்த வட்டாரம் என்னென்ன தரும் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. கோவளத்து உப்பங்கழி, உப்பளம், பக்கிங்காம் கால்வாய், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடும் இருளர்கள், பனங்காட்டிலிருந்து சிதம்பர சுவாமிகள் மீட்டெடுத்ததாகச் சொல்லப்படும் திருப்போரூர்க் கந்தசாமி கோயில், அதே பனங்காடு இருந்த இடத்தில் இன்று மனைப்பிரிவு விளம்பரப் பலகைகள். இதையெல்லாம் சூழ்நிலைக்காக அடுக்கினால் சுற்றுலாக் கையேடாகிவிடும். கதைக்கு வேண்டியது ஒரு பஸ் போதும். திருப்போரூரில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கும் பஸ்ஸில் வாய்தாவுக்குப் போகும் ஒரு தங்கை, பக்கத்து இருக்கையில் காணாமல் போன அண்ணன். டிக்கெட் ஒன்றுதான். அவள் சாட்சிக் கூண்டில் ஏறி இதுதான் அவன் சட்டை என்று சொல்லும்போது அவன் பின்வரிசையில் உட்கார்ந்து, அது என் சட்டை இல்லையே என்கிறான். கொலை நடந்த இரவை நாவல் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதைக் கொன்றவன் எழுதிவிட்டான். அவனுக்குத் தூக்கு உறுதியாகி, சேலத்தில் நிறைவேறி, பத்திரிகைகள் சிறப்பிதழ் போட்டு முடித்ததும் அவன் கதை முடிந்துவிடுகிறது. வீட்டில் கல்யாணம் கூடிவந்து, பம்பைக்காரருக்குச் சொல்லியனுப்பலாமா வேண்டாமா என்று குடும்பத்துக்குள் சண்டை வருகிறது. ஒருத்தி அழைக்கலாம் என்கிறாள். இன்னொருவர் கெட்ட பெயரோடு செத்தவனை வீட்டுக்குள் கூப்பிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்கிறார். என்னைக் கேட்டால் நாவல் தொடங்க வேண்டிய தேதி 1995 ஏப்ரல் 28.